கோடைக் கீரையும் காய்கறியும் கெடுகின்றனவா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கலாம்

சித்திரை, வைகாசியில் நல்ல காய்கறி கிடைப்பது பெரிய விஷயமில்லை. விடியலிலேயே உழவர் சந்தைக்குப் போய்விட்டால் வேரில் செம்மண் ஒட்டிய கீரைக்கட்டும், காம்பு பச்சையாக இருக்கும் கத்தரிக்காயும், பூ உதிராத வெள்ளரிப் பிஞ்சும் பை நிறையக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்கியதை வியாழன் வரை காப்பாற்றுவதுதான் பாடு.

1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கியதிலிருந்து, தோட்டத்துக்கும் நம் அடுப்புக்கும் நடுவே இருந்த கைகள் குறைந்துவிட்டன. ஆனால் இந்தச் சரக்கு பெரும்பாலும் குளிர்வண்டியில் வருவதில்லை. முந்தின நாள் மாலையோ அன்று விடியலிலோ பறித்து, சாக்கிலும் கூடையிலும் கட்டி, பஸ்ஸிலோ டெம்போவிலோ வந்து இறங்குகிறது. தோட்டத்துச் சூடு அதன் உள்ளேயே இருக்கிறது. கவரோடு அப்படியே ஃப்ரிட்ஜில் திணித்தால் அந்தச் சூடு வியர்வையாக வெளியே வந்து கவருக்குள்ளேயே தேங்கும். வீட்டில் நடக்கிற பாதிச் சேதம் அந்த முதல் அரை மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது.

கெடுவதற்கான காரணங்களைப் பெரும்பாலும் நான்கில் அடக்கிவிடலாம். காய்க்குள் இருக்கும் ஈரம் வெளியே போகிறது. அல்லது வெளியே பட்ட ஈரம் மேலேயே தங்குகிறது. அல்லது காய்க்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அல்லது பக்கத்தில் ஏதோ பழம் பழுக்கிறது. முதலாவதற்குச் செய்யும் வைத்தியம் இரண்டாவதற்கு விஷம். அதனால்தான் ‘ஈரத்துணியில் சுற்றி வை’ என்று அத்தை சொல்கிறார், ‘ஈரமே படக்கூடாது’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வேறு வேறு காய்க்கு. ஆக, முதலில் அறிகுறியைப் பாருங்கள்.

பை வீட்டுக்கு வந்ததும்

எந்த அறிகுறியும் தெரியாதபோது செய்ய வேண்டியது இது. தரையில் ஒரு பருத்தித் துணியை விரியுங்கள். ரப்பர் பேண்டு, வாழைநார், கவர் எல்லாவற்றையும் அவிழ்த்து, காய்களைப் பரப்பி, நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஃபேன் நேராக அடிக்க வேண்டாம், கீரை வாடிவிடும். கழுவவும் வேண்டாம். அன்றே சமைக்கப்போவதை மட்டும் கழுவினால் போதும்.

இன்னொன்று, கோடையில் மறந்தே போகிற விஷயம்: மாம்பழம், பப்பாளி, வாழைப்பழம் மூன்றையும் அப்போதே தனியாக எடுத்து வேறு அறையில் வையுங்கள். ஏன் என்பது பாகற்காய் கதையில் வரும்.

கொத்தமல்லி: வெளியே பச்சை, நடுவில் கறுப்பு

கட்டை அவிழ்க்கும் முன் விரல்களை அதன் நடுவில் விட்டுப் பாருங்கள். வெளி இலைகள் சில்லென்று இருக்க, கட்டின இடம் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கேதான் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுத்து, தொட்டால் விரலோடு கொழகொழவென்று வரும். பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. விற்பவர் வாடாமல் இருக்கத் தெளித்த தண்ணீரும் அங்கேயே நிற்கிறது. அப்புறம் அழுகாமல் என்ன செய்யும்?

கறுத்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். ஒரு கொழகொழ இலை பக்கத்து இலைகளையும் இழுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவாமல் துணியில் பரப்பி, மேல் ஈரம் காய்ந்ததும், அடியில் செய்தித்தாள் விரித்த டப்பாவில் தளர்வாக வைத்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தாள் ஈரமானால் மாற்றுங்கள். வேரை வெட்ட வேண்டாம். நன்றாக மண் போகக் கழுவித் தட்டிப் போட்டால் ரசத்துக்கு வேரைப்போல மணம் தருவது வேறில்லை.

*வாடித் தொங்குகிறது, ஆனால் நிறம் பச்சைதான்.* இது கெட்டது இல்லை, தாகம். தண்டின் நுனியைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் நிற்கவையுங்கள். நிமிர்ந்துவிடும். இலை விளிம்பு சருகாகக் காய்ந்திருந்தால் மட்டும் திரும்பாது. நான்கைந்து நாளுக்கு வேண்டுமென்றால், ஒரு டம்ளரில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, கொத்தமல்லியை வேரோடு நிறுத்தி, மேலே ஒரு கவரைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தண்ணீரை மாற்ற மறந்தால் நாறும்.

*மஞ்சளாகிறது, கொழகொழப்பு இல்லை.* வயதாகிறது, அல்லது இருக்கும் இடம் போதிய குளிர்ச்சியாக இல்லை. ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்கும் வழக்கம் இருந்தால் உள்ளே தள்ளி வையுங்கள். கொத்தமல்லிக்கு உறையாத அளவுக்கு எவ்வளவு குளிர் இருந்தாலும் நல்லதுதான். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. மீதியைத் துவையல் அரைத்துவிடுங்கள்.

*மணமே இல்லை.* இதற்குச் சேமிப்பு காரணமில்லை. வெயில் ஏற ஏறக் கொத்தமல்லிச் செடி சீக்கிரமே பூக்கத் தயாராகிவிடும். அப்போது மேல் இலைகள் அகலம் குறைந்து சீரகச் செடி இலைபோல் மெல்லிய இழைகளாக வரும். வாங்கும்போதே அந்தக் கட்டைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல இலையையும் குழம்போடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.

புதினா கறுத்துப்போகிறது

புதினா இலை மென்மையானது. கசங்கின இடத்தில் காற்றுப் பட்டதும் கறுக்கும். அதில் ஈரமும் சேர்ந்தால் ஒரே நாள்தான். கட்டின் அடித்தண்டில் இருக்கும் பழைய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, நல்ல தண்டுகளை உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். இலையை மட்டும் உருவி வைத்தால் இடம் குறையும், ஆயுளும் குறையும். மிச்சமாகும் தண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஜன்னலோரம் தண்ணீரில் நிறுத்தினால் சில நாளில் வேர் விடும். தொட்டியில் ஊன்றிவிடலாம். கோடை வெயில் நேராகப் படாத இடமாக இருக்கட்டும்.

சட்னி அரைத்த கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகிறதா? வதக்கிய சூட்டோடு மிக்ஸியில் போட்டிருப்பீர்கள், அல்லது தொடர்ந்து ஓட்டியதில் ஜாரே சூடாகியிருக்கும். ஆறவிட்டு, விட்டு விட்டு அரைத்து, கடைசியில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். புளிப்பு, நிறம் மாறும் வேகத்தைத் தடுக்கும். கசந்தால் முற்றின தண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறீர்கள்.

கறிவேப்பிலை உதிர்கிறது, துளசி கறுக்கிறது

டப்பாவைத் திறந்தால் ஈர்க்கு தனி, இலை தனி என்று கிடக்கிறது. இலை பச்சையாக, மணமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை, அப்படியே தாளிக்கலாம். கரும்புள்ளியும் ஈரமும் இருந்தால்தான் கவலை. அதற்குக் காரணம் கழுவிவிட்டு முழுக்கத் துடைக்காமல் மூடியதுதான். நிறையக் கிடைத்தால் ஈர்க்கோடு துடைத்துக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்ததும் நேராக எண்ணெயில் போடும்போது வழக்கத்தைவிட அதிகமாகத் தெறிக்கும். மூடி கையில் இருக்கட்டும். பொடிக்குக் காயவைப்பதானால் நிழலில்தான். வெயிலில் காய்ந்தது பழுப்பேறி மணம் இழந்துவிடும்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் வேறு ஜாதி. கொத்தமல்லிக்குச் செய்ததை இவற்றுக்குச் செய்தால் ஒரே இரவில் இலை கறுத்துவிடும். குளிர் இவற்றுக்கு ஆகாது. வெளியே நிழலில், தண்டு தண்ணீரில் இருக்கும்படி வையுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

கீரை: நான்கு விதக் குறை

*வாடல்.* கொத்தமல்லிக்குச் சொன்ன தண்ணீர் வைத்தியமே இதற்கும். சமைக்கும் முன் செய்தால் போதும்.

*இலையின் அடியில் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைக் கொப்புளம், மேலே அதே இடத்தில் மஞ்சள் புள்ளி.* முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரையில் இதைப் பார்க்கலாம். வெண்துரு என்கிற பூஞ்சை நோய். செடிக்கு வருவது, மனிதருக்குத் தொற்றாது. அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். கட்டில் பாதிக்கு மேல் அப்படி இருந்தால் அடுத்த வாரம் அந்த விவசாயியிடமே காட்டுங்கள். கோபத்துக்காக இல்லை, அவருக்குப் பாத்தியில் எந்தப் பக்கம் நோய் ஆரம்பித்தது என்று தெரியட்டும்.

*இலைக்குள் வளைந்து வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு.* இலைக்குள்ளேயே குடைந்து தின்னும் சின்னப் புழுவின் பாதை. அந்த இலையை மட்டும் எடுத்துவிட்டால் ஆயிற்று. ஓட்டையும் கோடும் துளியும் இல்லாத கீரைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மருந்து அதிகம் அடித்த கீரைதான் நம் கைக்கு வரும் என்பது என் எண்ணம்.

*சமைத்ததும் பழுப்பு நிறம்.* மூடி போட்டு வேகவைத்திருப்பீர்கள். கீரையில் இருக்கும் அமிலங்கள் ஆவியில் வெளியேற முடியாமல் திரும்பப் பாத்திரத்திலேயே விழுந்து பச்சையத்தைக் கெடுக்கின்றன. கொதிக்கும் தண்ணீரில் போட்டு, திறந்தே வைத்து, சீக்கிரம் எடுத்துக் கடையுங்கள். புளி சேர்ப்பதானால் கடைசியில். புளிக்கீரை பழுப்பாகத்தான் இருக்கும்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முருங்கைக்கீரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘காலையில் பார்த்தால் எல்லாம் உதிர்ந்து கிடக்கிறது, கெட்டுப்போச்சா’ என்று கேட்பார்கள். கெடவில்லை, வேலை மிச்சம். கொத்துகளைக் கழுவாமல் ஒரு துணியில் இறுக்கமாகச் சுற்றி இரவு முழுக்க வெளியிலேயே வைத்தால், இலை தானாகக் காம்பிலிருந்து விடுபடும். காலையில் மூட்டையை அவிழ்த்து, கொத்தைத் தூக்கி உதறினால் சின்னச் சின்ன இலையாக முறத்தில் கொட்டும். ஈர்க்கு மட்டும் கையில் மிஞ்சும். நுனியில் ஒட்டியிருக்கும் பிஞ்சு இலைகளை மட்டும் உருவினால் போதும். ஆனால் அந்தக் காலையிலேயே சமைத்துவிட வேண்டும். இன்னொரு இரவு வைத்தால் மஞ்சளாகிவிடும்.

வெந்த கீரையை இந்த வெயிலில் மேடையில் விட்டு வைக்காதீர்கள். சாப்பாடு முடிந்ததும் மிச்சத்தை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கத்தரி, வெண்டை, வெள்ளரி: ஃப்ரிட்ஜில் இருந்தும் குழி விழுகிறது

இதுதான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் அறிகுறி. கத்தரிக்காய்த் தோலில் அம்மைத் தழும்பாகச் சின்னச் சின்னக் குழி. வெட்டினால் விதை பழுப்பு, சுற்றிய சதையும் மங்கல். வெண்டைக்காயின் வரிகளில் கரும்பழுப்பு. வெள்ளரியில் கண்ணாடியாக நீர் கோத்த திட்டு, அடுத்த நாள் அது இளகி ஒழுகுகிறது. ‘பழைய காயைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்’ என்று விற்றவர் மேல் பழி விழும். உண்மையில் குற்றம் பெரும்பாலும் நம் ஃப்ரிட்ஜுடையது.

வீட்டு ஃப்ரிட்ஜின் உள்ளே பொதுவாக 3 முதல் 5 டிகிரி. கத்தரிக்கும் வெள்ளரிக்கும் 10 முதல் 12 டிகிரி இருந்தால்தான் சுகம். வெண்டை 7 முதல் 10 வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் திசுக்கள் உள்ளுக்குள் சிதைய ஆரம்பிக்கும். இதில் ஒரு சூது: ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும்போது அதிகம் தெரியாது. வெளியே எடுத்துச் சூடேறியதும்தான் புண் பூராவும் முகம் காட்டும். காலையில் எடுத்து மேடையில் வைத்த கத்தரிக்காய் மாலையில் பார்க்கச் சகிக்காமல் இருப்பது இதனால்தான்.

என்ன செய்யலாம்? வாங்கிய அன்றும் மறுநாளும் சமைக்கப்போகிறீர்கள் என்றால் ஃப்ரிட்ஜே வேண்டாம். கத்தரியையும் வெள்ளரியையும் ஈரத்துணியில் சுற்றி வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். வெண்டைக்கு உலர்ந்த துணிதான். அதைவிட அதிக நாள் என்றால், இந்த வெயிலில் வெளியே வைப்பது ஃப்ரிட்ஜைவிட மோசம். ஃப்ரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும். துணியிலோ தாளிலோ சுற்றி, குளிர் குறைந்த கதவுத் தட்டிலோ கீழ்ப்பெட்டியிலோ வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்து, எடுத்த உடனே சமைத்துவிடுங்கள். குழி விழுந்த கத்தரியை, அழுகல் இல்லாவிட்டால், சுட்டுக் கொத்சு செய்யலாம். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அது உதவாது. புவிசார் குறியீடு வாங்கிய வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி உங்கள் கைக்கு வந்தால், தயவுசெய்து அன்றே சமையுங்கள். அதைச் சேமிப்பது பாவம்.

வெண்டையின் வழவழப்பு வேறு சமாசாரம். வெண்டையின் கோந்து தண்ணீர் பட்டால் இழுபடும். முழுசாகக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு நறுக்குங்கள். வாணலியில் போட்டதும் உப்புப் போடாமல், மூடாமல் வதக்கி, கொஞ்சம் புளித்தண்ணீரோ ஒரு கரண்டி தயிரோ சேருங்கள். நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளைகிற வெண்டையை எந்த வித்தையும் காப்பாற்றாது. அது முற்றல்.

பாகற்காய் இரண்டே நாளில் பழுத்துவிட்டது

பக்கத்தில் மாம்பழம் இருந்ததா? பழுக்கும் மாம்பழம் எத்திலீன் என்கிற வாயுவை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்தக் காற்றில் இருக்கும் பாகல் மஞ்சளாகி வெடித்துச் சிவந்த விதையைக் காட்டும், வெள்ளரி வெளுக்கும், கீரை மஞ்சளாகும். கோடையில் நம் வீடுகளில் கட்டிலுக்கு அடியில் வைக்கோலில் மாங்காய், அதே அறையில் காய்கறிக் கூடை. அப்புறம் எப்படித் தாங்கும்? பழங்களை வேறு அறைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். லேசாக மஞ்சள் தட்டிய பாகல் கெட்டதில்லை, கசப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். விதையை எடுத்துவிட்டுப் புளிக்குழம்பு வைக்கலாம்.

சுரைக்காய் கசக்கிறது: இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம்

மற்ற அறிகுறிகளில் காசு போகும், சுவை போகும். இதில் உயிருக்கே ஆபத்து வரலாம். சுரை, பீர்க்கு, வெள்ளரி குடும்பத்துக் காய்களில் குகர்பிட்டசின் என்கிற நச்சுப்பொருள் உண்டு. வழக்கமான காயில் அது சுவைக்குத் தெரியாத அளவில் இருக்கும். கடும் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் அதிகமாகும். வேலியில் தானாக முளைத்த கலப்புக் கொடியிலும் அதிகமாக வரலாம். காய் பார்க்க எந்த வித்தியாசமும் இல்லாமல் பளபளவென்று இருக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது.

சுரைக்காயை நறுக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, முழுக் காயையும் எறியுங்கள். ‘கசப்பு உடம்புக்கு நல்லது’ என்கிற பேச்சு இங்கே செல்லாது. பாகற்காயின் கசப்பு வேறு பொருள். காலையில் வெறும் வயிற்றில் சுரைச்சாறு குடிக்கும் வழக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் போவதுதான் ஒரே வழி.

வெள்ளரியில் கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கமும் தோலடியிலும்தான். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுப்பது பழைய வழக்கம். தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும், காம்புப் பக்கம் இரண்டு விரல் அளவு வெட்டி எறிந்து, தோலைச் சீவி, ருசி பாருங்கள். அப்போதும் கசந்தால் விட்டுவிடுங்கள்.

தக்காளி சிவக்கவே மாட்டேன் என்கிறது

மே மாதத் தக்காளி ஆரஞ்சு நிறத்திலேயே நின்று, அப்படியே இளகிவிடுகிறது என்று பலர் சொல்வதுண்டு. தக்காளிக்குச் சிவப்பு தரும் நிறமி சுமார் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிக்கொண்டிருக்கும். வெளியே 39 டிகிரி அடிக்கும்போது அது எங்கே சிவக்கும்? வெயில் குறைந்த அறையில், காம்பு விழுந்த பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி வையுங்கள். பழுக்காததை ஃப்ரிட்ஜில் வைத்தால் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, மணமும் வராது. நன்றாகப் பழுத்ததை, இந்த வெயிலில் வேறு வழியில்லாததால், இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். விலை விழுந்த வாரத்தில் பெட்டியாக வாங்கியிருந்தால் யோசிக்காமல் தொக்கு.

பச்சை மிளகாய், சின்ன வெங்காயம்

மிளகாய் காம்படியிலிருந்துதான் அழுகத் தொடங்கும். காம்பைக் கிள்ளி, ஈரமில்லாமல் துடைத்து, தாள் விரித்த டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் போகும். சிவந்துபோனால் பழுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சின்ன வெங்காயத்தின் மேல்தோலுக்கடியில் கரிப்பொடி மாதிரி இருப்பது கருப்புப் பூசணம். வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தால் வரும். மேல் இரண்டு தோலோடு நின்றிருந்தால் உரித்துக் கழுவிப் பயன்படுத்தலாம். உள்ளே இளகியிருந்தால் எறியுங்கள். கவரிலிருந்து எடுத்து, முறத்திலோ வலைக்கூடையிலோ காற்றாடப் பரப்புங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்க வேண்டாம். பச்சையேறிய உருளைக்கிழங்கு வந்தால் அதையும் எறிந்துவிடுங்கள். அந்த நச்சு வேகவைத்தாலும் போகாது.

கரண்ட் இல்லை, அல்லது ஃப்ரிட்ஜே இல்லை

கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் அரைத்த விழுது, வெந்த கீரை, நறுக்கின காய் இவைதான் முதலில் கெடும். முழுக் காய்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானை போதும். பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள்; பானை வாயில் ஈரச்சாக்கு. நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதே தத்துவத்தில்தான் 1980களில் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இரட்டைச் செங்கல் சுவர் வைத்து, நடுவில் மணல் நிரப்பி, மின்சாரம் வேண்டாத குளிர் அறையை வடிவமைத்தார்கள். பானை போதிய குளிர்ச்சி தரவில்லை என்றால் மூன்று விஷயம் பாருங்கள்: மேலே பெயின்டோ மெருகோ பூசியிருக்கிறதா, காற்றில்லாத மூலையில் இருக்கிறதா, வெயில் படுகிறதா. மூன்றும் சரியாக இருந்தும் பலனில்லை என்றால் நீங்கள் கடற்கரை ஊரில் இருப்பீர்கள். மதுரை, சேலம், திருச்சியின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும் பானை, சென்னை, தூத்துக்குடி புழுக்கத்தில் பாதிதான் வேலை செய்யும். கத்தரி, வெண்டை, வெள்ளரிக்கு ஃப்ரிட்ஜைவிட இந்தப் பானைதான் பொருத்தம் என்று நான் சொல்வேன்.

வற்றல் நமுத்துப்போகிறது

மிஞ்சியதை வற்றலாக்கத்தான் அக்னி நட்சத்திரம் இருக்கிறது. கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து வடித்துக் காயப்போடுவது, சுண்டைக்காயை நசுக்கி மோரில் ஊறவைப்பது, மிளகாயைக் கீறி உப்பு மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் காயவைத்து, மாலையில் திரும்ப அதே மோரில் போடுவது என்று மோர் வற்றும்வரை நடக்கும் வேலை. இத்தனை பாடுபட்டும் மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்தால் வளைந்து கொடுக்கிறது.

ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடியாமல் நார்போல் இழுபட்டால் உள்ளே காயவில்லை. காம்பும் தடித்த நடுப்பகுதியும்தான் கடைசியாகக் காயும். அவற்றை ஒடித்துச் சோதியுங்கள், ஓரத்தை இல்லை. நன்றாக ஒடிந்ததும் மொட்டை மாடியிலிருந்து நேராக டப்பாவில் கொட்டியிருந்தால் அந்தச் சூடே உள்ளே வேர்த்திருக்கும். நிழலில் முழுக்க ஆறிய பிறகே மூட வேண்டும். வெறும் நமுத்தல் என்றால் ஒரு நல்ல வெயிலில் மறுபடி காயவைத்தால் சரியாகும்.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் பூத்திருந்தால் கதை வேறு. துடைத்துவிட்டு மறுபடி காயவைப்பது பல வீடுகளில் நடப்பதுதான். மிளகாயில் வரும் சில பூசணங்கள் அஃப்ளடாக்சின் என்கிற நச்சை உள்ளே விட்டுச் செல்லும். வெயிலிலோ எண்ணெயிலோ அது முழுக்கப் போகாது. டப்பா மொத்தத்தையும் குப்பையில் கொட்டி, கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த வருட வற்றலை ஒரே பெரிய டப்பாவில் போடாமல் சின்னச் சின்னப் பாட்டில்களில் பிரித்துப் போடுங்கள்.

பூண்டையோ பச்சை மூலிகையையோ எண்ணெயில் மிதக்கவிட்டு மேடையில் வைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. ஊறுகாய் மாதிரி உப்பும் புளிப்பும் இல்லாமல், வெறும் எண்ணெயில் காற்றுப் படாமல் கிடக்கும் ஈரமான பூண்டில் பாட்டுலிசம் என்கிற கடும் நச்சுநோயைத் தரும் கிருமி வளர முடியும். நிறத்திலோ வாடையிலோ ஒன்றும் தெரியாது. அப்படிச் செய்து வைத்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள். மேடையில் பல நாளாக இருக்கிற பாட்டில் ஏதாவது இருந்தால் ருசி பார்க்காமலே கொட்டிவிடுங்கள்.